என் உயரத்துக்கு ஓர் அடுப்படி

திருநகர் வீட்டு அடுப்படியை என் கணவர் தன் கையாலேயே மாற்றிக் கட்டினார் என்று சொன்னால், அவரைத் தெரிந்தவர்கள் யாரும் இன்றுவரை நம்புவதில்லை. அரசாங்க அலுவலகத்தில் வரைபடம் போடுகிற வேலை அவருக்கு. பாலம், மதகு, கால்வாய் என்று எதைக் கொடுத்தாலும் மயிரிழை பிசகாமல் தாளில் இறக்கிவிடுவார். ஆனால் காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்கச் சொன்னால் போதும், ஆணி வளையும், சுவர் பெயரும், கடைசியில் காலண்டர் ஜன்னல் கம்பியில்தான் தொங்கும். அப்படிப்பட்ட மனிதர் ரம்பத்தைக் கையில் எடுத்ததற்குக் காரணம் என் கால்.

சமயநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தோம். குறுக்கே ஒரு நாய் வந்தது. அவர் பிரேக்கைப் பிடித்தார். நாய் தப்பியது, அவரும் தப்பினார், நான் மட்டும் பட்டுச்சேலையோடு ரோட்டில் கிடந்தேன். இடது தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து எழுந்தபோது, இடது கால் வலது காலைவிடக் குட்டையாகிப் போயிருந்தது. டாக்டர் அதற்கென்று ஒரு ஜோடி ரப்பர் செருப்புச் செய்யச் சொன்னார். இரண்டுக்குமே தடித்த அடி, இடது செருப்புக்கு அதற்கு மேலும் ஓர் அடுக்கு. "வீட்டுக்குள்ளயும் இதைப் போட்டுத்தான் நடக்கணும். கீழ உட்காரக் கூடாது, குனியக் கூடாது, ஸ்டூல் மேல ஏறக் கூடாது" என்றார். செருப்பைப் போட்டால் நேராக நின்றேன். கழற்றினால் உடம்பு இடப்பக்கம் சாய்ந்து, கொஞ்ச நேரத்தில் இடுப்பு எரிய ஆரம்பித்துவிடும்.

எங்கள் அடுப்படியோ ஒரு தாழ்ந்த கடப்பாக்கல் மேடை, அதற்கு அடியில் இருட்டு, அவ்வளவுதான். அரிசி டின், பருப்பு டின், குக்கர், இட்லிக் கொப்பரை, வெங்காயக் கூடை எல்லாம் அந்த இருட்டுக்குள்தான் குடியிருந்தன. மிச்சம் இருந்தவை பரண் மேல். ஒன்று குனிய வேண்டும், இல்லையென்றால் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். நின்ற நிலையில் கைக்கு எட்டியது தீப்பெட்டியும் உப்பு ஜாடியும் மட்டும்தான். டாக்டர் கூடாது என்று சொன்ன அத்தனையையும் செய்யாமல் ஒரு டம்ளர் காப்பிகூடப் போட முடியாது.

நான் படுத்திருந்த நாளெல்லாம் எங்களுக்குச் சாப்பாடு கோச்சடையிலிருந்து வந்தது. அங்கே என் கணவரின் அண்ணன் வீடு இருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் நாங்களும் அந்த வீட்டில்தான் கூட்டுக்குடும்பமாக இருந்தோம். அண்ணன் மனைவி, அதாவது என் ஓரகத்தி, அந்த அடுப்படிக்குக் கலெக்டர். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா என்னைக் காய் நறுக்க விடுவார், தேங்காய் துருவ விடுவார், ஏனம் கழுவத் தாராளமாக விடுவார். அடுப்புக்கு முன்னால் மட்டும் நிற்க விடமாட்டார். ஒரு தடவை அவர் குளிக்கப் போன நேரத்தில் ரசத்தில் மிளகைக் கொஞ்சம் கூடப் போட்டுவிட்டேன். அதற்காக ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நானும் சளைத்தவள் இல்லை, அவர் பேச ஆரம்பித்த பிறகும் இன்னொரு வாரம் நான் பேசவில்லை. இடையில் அகப்பட்டுக்கொண்ட அண்ணனும் தம்பியும் வாய் திறக்காமல் ரசத்தைக் குடித்தார்கள்.

அங்கிருந்து திருநகருக்குத் தனிக்குடித்தனம் வந்ததை நான் லேசில் சாதித்துவிடவில்லை. அழுதிருக்கிறேன், பட்டினி கிடந்திருக்கிறேன், பிறந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். அப்படி வந்த வீட்டில் படுத்துக்கொண்டு, தினமும் மத்தியானம் அக்கா வீட்டுக் கேரியரைத் திறந்து அந்தப் புளி தூக்கலான குழம்பைச் சாப்பிட்டேன். நன்றி இல்லாமல் இல்லை. கோச்சடைக்கும் திருநகருக்கும் தூரம் கொஞ்சமா? ஒரு நாள் தவறாமல் சமைத்துக் கட்டிக் கொடுத்தார் அந்தப் பெண்மணி. ஆனாலும் ஒவ்வொரு வாய்க்கும் எனக்குள் ஒரு பயம் கூடிக்கொண்டே போனது.

பயந்த மாதிரியே ஆயிற்று. என்னைப் பார்க்க வந்த அண்ணன் ஒரு நாள் ஹாலில் உட்கார்ந்து பேச்சை எடுத்தார்.

"மாடி ரூம் சும்மாதானடா கெடக்கு. ரெண்டு பேரும் அங்கிட்டே வந்துருங்க. இந்தக் கால வச்சுக்கிட்டு இவ எப்படிச் சமைப்பா? ஆடி கழியட்டும், ஆவணில வண்டி அனுப்புறேன்."

அவரோடு வந்திருந்த அக்கா, "ஆமா, வந்துருங்க. எம்புட்டு நாளைக்குத்தான் கேரியரு?" என்றார்.

என் கணவர் என்ன சொன்னார் தெரியுமா? "சரிண்ணே" என்றார். அண்ணன் முன்னால் அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் வரும். அவர்கள் தெரு முனை தாண்டும்வரை பொறுத்திருந்தேன். அதற்குப் பிறகு நான் போட்ட சத்தத்தை அடுத்த வீட்டுக்காரர்கள் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டிருப்பார்கள்.

"நான் போக மாட்டேன். அந்த வீட்டுல போயி மறுபடி தேங்கா துருவ என்னால ஆகாது."

"காலு இப்படி இருக்கே, வேற என்னதான் செய்யச் சொல்ற?"

"எனக்குக் காலு சரியில்லன்னா அடுப்படிய மாத்துங்க. என்னைய எதுக்கு மாத்துறீங்க?"

கோபத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டார். போய் அடுப்படி வாசலில் நின்று மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஓர் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆசாரிக்கு அன்றைக்கு ஏகப்பட்ட அவசரம். தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "மேடைன்னா எல்லாருக்கும் ஒரே அளவுதான் சார். ஆளுக்குத் தகுந்தாப்புல ஒசத்துனா, நாளைக்கு வீட்ட விக்கிறப்ப எவன் வாங்குவான்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் கணவருக்கு ரோஷம் வந்து நான் பார்த்தது குறைவு. அன்றைக்கு வந்தது. எல்லாருக்கும் ஒரே அளவு என்ற சொல்லை ஒரு வரைபடக்காரரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. "நானே செய்றேன்" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

முதல் வேலையாக என்னை ஹால் சுவரோடு நிறுத்தி வைத்து அளந்தார். முழங்கை தரையிலிருந்து எவ்வளவு, கையை உயர்த்தாமல் எட்டுவது எதுவரை, குனியாமல் எட்டுவது எதுவரை என்று டேப்பை மேலும் கீழும் ஓட்டினார். தையற்காரர்கூட என்னை அப்படி அளந்ததில்லை. மேல் கல்லின் கனம், கேஸ் அடுப்பின் உயரம், அதன் மேல் வைக்கிற பாத்திரம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். குனியவே கூடாது என்பதால் மேடையைக் கை வாகுக்கு எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தி வரைந்தார். மேடைக்கு அடியில் இருட்டு கிடையாது, வரிசையாக இழுப்பறைகள். பரண் கிடையாது, தோளுக்குக் கீழே அலமாரிகள். வரைந்து முடித்த தாளைப் பார்த்தபோது, அதில் ஓர் அணைக்கட்டின் கம்பீரம் இருந்தது.

அடுப்படியில் சாமி அலமாரி ஒன்று உண்டு. எங்கள் பக்கம் பல வீடுகளில் அப்படித்தான், சாமிக்கும் அடுப்புக்கும் ஒரே அறை. வேலை தொடங்கும் முன் படங்களையெல்லாம் துடைத்து, புதுத் துண்டில் வைத்துப் படுக்கையறைக்குக் கொண்டுபோனோம். சாமி வெளியேறியதும் அது அடுப்படி என்ற பேரை இழந்து குடோன் ஆகிவிட்டது. தரை முழுக்கக் கல்லும் ஆணியும் மரச் சிம்புமாகக் கிடந்ததால் அவர், கல் பதிக்க வந்த கொத்தனார், நான், எல்லாருமே அதற்குள் செருப்போடுதான் புழங்கினோம்.

ப்ளைவுட் கடைக்கார பாய் வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு, "ஆசாரி யாரு சார்?" என்று கேட்டாராம். "நான்தான்" என்றிருக்கிறார் இவர். பாய் இவரை மேலும் கீழும் பார்த்து, "மாஷா அல்லா" என்றாராம். பாராட்டியா, பரிதாபப்பட்டா என்று கேட்டேன். அது அவருக்கும் விளங்கவில்லை.

ஆடி முழுக்க லீவு போட்டு வேலை நடந்தது. ஆடிக் காற்றில் மரத்தூள் வீடெங்கும் பறந்து, கேரியர் சாப்பாட்டிலும் விழுந்தது. நான் வாசல்படிக்கு இந்தப் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தேன். கேஸ் குழாய் போவதற்குத் துளை போட மறந்து பெட்டியை மூடிவிட்டார். பிறகு உளியால் குத்திக் குத்தி ஒரு துளை போட்டார், அது இலங்கை வரைபடம் மாதிரி வந்தது. ஒரு கதவுக்குக் கீலைத் தலைகீழாக மாட்டி, அதைத் திறக்க முடியாமல் அரை நாள் மல்லுக்கட்டினார். கட்டைவிரல் இரண்டிலும் பிளாஸ்திரி.

"பாலத்துக்கும் இப்படித்தான் வரைவீங்களா?" என்று கேட்டேன்.

"பாலத்த நான் வரையத்தான செய்றேன், கட்டுறது வேற ஆளு" என்றார், வாயில் திருகாணியைக் கவ்விக்கொண்டே.

ஆனால் முதல் இழுப்பறையைப் பொருத்தி, "இழுத்துப் பாரு" என்றபோது நான் கிண்டலை மறந்துவிட்டேன். ஒற்றை விரலால் இழுத்தேன், சத்தமில்லாமல் வந்தது. அரிசிக்கு என்று தகரம் அடித்து, முன்பக்கம் சாய்கிற மாதிரி ஒரு பெட்டி. கொத்தனார் மேல் கல்லைப் பதித்துவிட்டுப் போனதும், உள்ளே போய் நின்று வெறுங்கையால் காய் நறுக்கிப் பார்த்தேன், இல்லாத குழம்பைக் கிண்டிப் பார்த்தேன். குனியவும் இல்லை, எக்கவும் இல்லை. "கச்சிதம்" என்றேன். மனிதர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

ஆவணி பிறந்து முதல் நல்ல நாளில் பால் காய்ச்சலாம் என்று முடிவானது. அண்ணனும் அக்காவும் வருவதாகச் சொன்னார்கள். அண்ணன் வருவது பால் குடிக்க மட்டும் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். நான் நின்று சமைக்கிறேனா இல்லையா என்று பார்க்கத்தான் வருகிறார். முடியவில்லை என்றால் அடுத்த வாரமே வண்டி வந்துவிடும். அதைத் தடுக்க என் கணவரிடம் "சரிண்ணே" தவிர வேறு வார்த்தை கிடையாது.

அன்று காலையில் அடுப்படியைக் கழுவிவிட்டு, கோலம் போட்டு, சாமி படங்களைத் திரும்ப அலமாரியில் வைத்துப் பூச் சாத்தினோம். அவர்கள் வந்தார்கள். பழத்தட்டு, வெற்றிலை பாக்கு. நான் அடுப்படி வாசலுக்கு வந்தேன், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன், வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சாமி இருக்கிற இடத்துக்குள் செருப்போடு யார் போவார்கள்?

அடுப்பைப் பற்றவைத்துப் பாலை வைத்தேன். பால் தெரியவில்லை. பாத்திரத்தின் விளிம்புதான் கண்ணுக்கு நேரே தெரிந்தது. எக்கினேன், இடது கால் எக்கவில்லை. மேடை என் நெஞ்சு வரைக்கும் ஏறி வந்த மாதிரி இருந்தது. நேற்று கச்சிதமாக இருந்த மேடை ராத்திரியோடு ராத்திரியாக வளருமா என்று குழம்பிப்போனேன். அதற்குள் பால் பொங்கி வழிந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள், "பொங்கிருச்சு, பொங்கிருச்சு!" என்று சந்தோஷப்பட்டார்கள். பால் பொங்கியதை நான் பார்க்கவே இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எல்லாருக்கும் பாலை ஊற்றிக் கொடுத்தபின் அவர்கள் ஹாலுக்குப் போனார்கள். நான் கேசரிக்கு ரவையை வறுக்க நின்றேன். தோளைத் தூக்கித் தூக்கிக் கிளறியதில் கை கடுத்தது. இடுப்பு எரிய ஆரம்பித்தது. என் கணவர் உள்ளே வந்து என்னைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், அப்புறம் என் காலைப் பார்த்தார். முகம் சுண்டிப்போய்விட்டது.

"செருப்போட அளந்துட்டேன்" என்றார் மெதுவாக.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. வரைபடத்தில் கல்லின் கனம்கூட இருந்தது, செருப்பின் கனம் இல்லை. ஹாலில் செருப்போடு அளந்து, குடோனாக இருந்தபோது செருப்போடு நின்று பார்த்து, கச்சிதம் என்று சான்றிதழும் கொடுத்தவள் நான். சாமி திரும்பி வந்தால் செருப்பு வெளியே போகும் என்பது இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை.

"போட்டுக்கிறியா?" என்றார்.

"சாமி இருக்கு. அக்கா வேற இருக்காங்க. தெருவுல போட்டு நடந்த செருப்புங்க அது."

"அப்ப அறுத்து எறக்கிறவா?"

மேலே கல் பதித்துச் சிமெண்டும் இறுகிவிட்டது. எதை அறுப்பது? ரவையைக் கிளறினேன். ஹாலிலிருந்து அண்ணனின் குரல் வந்தது: "ஏம்மா, முடியுதா? முடியலைன்னா சொல்லிரு. மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சு வச்சாச்சு."

என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. இவ்வளவு பாடுபட்டு, கடைசியில் மறுபடி தேங்காய் துருவத்தான் போகிறேன் என்று தோன்றிவிட்டது.

அப்போதுதான் அக்கா உள்ளே வந்தார். என் கணவர் விலகி வெளியே போனார். அக்கா ஒவ்வோர் இழுப்பறையாக இழுத்துப் பார்த்தார், அரிசிப் பெட்டியைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு அவர் பார்வை என் காலுக்கு இறங்கியது. ஒற்றைக் காலில் பாரம் போட்டு, மேடையைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற கோலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பி வெளியே நடந்துவிட்டார்.

போய் அண்ணனிடம் சொல்லத்தான் போகிறார், கதை முடிந்தது என்று அடுப்பை அணைத்தேன். ஆனால் ஹாலில் பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. கொல்லைப்புறக் குழாய் திறக்கிற சத்தம்தான் கேட்டது. தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

அக்கா திரும்பி வந்தபோது முந்தானையெல்லாம் ஈரம். கையில் என் செருப்பு. நாலு பக்கமும் தேய்த்துக் கழுவிய செருப்பு. மூத்த மருமகள், எந்த வீட்டு விசேஷத்திலும் முதல் வெற்றிலை வாங்குகிறவர், இளையவளின் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு சாமி அலமாரியைக் கடந்து வந்தார். குனிந்து என் காலடியில் வைத்தார்.

"போடு."

"அய்யோ, என்னக்கா இது! சாமி இருக்குக்கா."

"இருக்கட்டும். கட்டக்காலு வச்சவன் அதக் கழட்டி வாசல்ல விட்டுட்டா வீட்டுக்குள்ள வாரான்? இது ஒனக்குக் காலுடி. இதப் போட்டுத் தெருவுக்குப் போகாத, தெருவுக்கு வேற ஒண்ணு செஞ்சுக்க. சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ மொதல்ல நேரா நில்லு."

போட்டேன். ஈரம் பாதத்தில் குளிர்ச்சியாக ஏறியது. மேடை இறங்கி அதன் இடத்துக்கு வந்தது. தோள் இறங்கியது, இடுப்பு நேரானது, வாணலிக்குள் கிடந்த ரவை ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்தது. அதுவரை பிடித்து வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. அது துக்க அழுகை இல்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு, உடம்பு முழுக்க அப்பாடா என்று இருந்தது.

"அக்கா, நீங்க கூப்புட்டும் நான் வரலைன்னு வருத்தம் இல்லையே?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டேன்.

அக்கா ஹால் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் காதருகே வந்தார்.

"வருத்தமா? அடி போடி இவளே. இவரு ஒங்கள வரச் சொன்ன நாள்ல இருந்து எனக்குச் சோறே எறங்கல. நீ அடிபட்டுக் கெடக்க, மாட்டேன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? மறுபடி ஒன்னைய வச்சுக்கிட்டு ஒரே அடுப்படில நிக்க என்னால ஆகாது தாயி. ஒத்த மொளகுக்கு ரெண்டு வாரம் பேசாம இருந்தவ நீ. எங்க வந்துருவியோன்னு எம்புட்டுப் பயந்து கெடந்தேன் தெரியுமா?"

எனக்கு அழுகையோடு சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கும் வந்தது. சத்தம் வெளியே போகாமல் இருக்க ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டு, புது மேடையில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அவ்வளவு நாளும் நான் பயந்த அதே விஷயத்துக்கு, கோச்சடை வீட்டில் இன்னொருத்தியும் தூங்காமல் பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"உள்ள என்ன சத்தம்? முடியுதா, இல்லையா?" என்றார் அண்ணன் ஹாலிலிருந்து.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். "அதெல்லாம் நல்லா முடியுது. அவுக வரமாட்டாக, இனிமே யாரும் கூப்புடாதீக" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

ஹாலிலிருந்து என் கணவரின் குரல் கேட்டது. "சரி மதினி" என்றார். அவர் அந்த வார்த்தையை அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை.